முழங்கால் வலியோடு வெள்ளியங்கிரி ஏறலாமா?

கேள்வி: மார்ச்சில் கோவை அருகே, ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரி சிவன் கோயிலுக்குப் போகிறோம். வயது 52. மாடிப்படி இறங்கினாலே இடது முழங்கால் முனகுகிறது. ஏழு மலையும் தாங்குமா?

பதில்: ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள். கணு நெருக்கமான, தோளுயரத் தடியாகப் பார்த்து எடுங்கள். முதல் மலையின் கற்படிகள் ஒன்றுபோல் இன்னொன்று இராது. அங்கே வீரம் காட்டுகிறவர்கள் மூன்றாவது மலையில் பாறைமேல் மல்லாந்து கிடப்பார்கள்.

மற்றொருவர்: வனத்துறை அனுமதித்தால் இரவில் ஏறுங்கள், வெயில் தொல்லை இல்லை. மேலே குளிர்காற்று அறையும், ஸ்வெட்டர் அவசியம். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. குளிக்கிறவர்கள் குளிக்கட்டும், நான் முகம் கழுவியதோடு சரி.

கேட்டவர்: நன்றி. மருத்துவரிடம் காட்டிவிட்டு, தடி இரண்டாகவே வாங்கிவிடுகிறேன்.