எந்தச் சத்திரத்தில் கூடலாம்?

குழு: சித்தப்பாவும் பிள்ளைகளும்

செந்தில்: மீனா அக்கா, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் சேர்ந்துவிட்டேன். பாத்திரமாகவே பேசி நடிப்பவர்கள் கூடும் இடம் என்று நீங்கள் சொன்ன ஆர்ஜென்ட் டான் சர்வர்தான். தலைநகரான ஸ்டார்ம்விண்டில் வங்கி வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன், ஒருவர்கூடப் பேசவில்லை. பறந்து வருகிறார்கள், ஏலக்கூடத்தில் எதையோ விற்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

மீனா அக்கா: ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு கதை பேச ஆள் தேடுகிறாயா? அதே நகரத்து ஓல்ட் டவுன் பகுதிக்குப் போ. அங்கே பிக் அண்ட் விசில் என்று ஒரு மதுக்கூடம் இருக்கிறது. இல்லையென்றால் கதீட்ரல் சதுக்கம். ஓடாமல் நடப்பவர் யார் என்று மட்டும் பார். மெனக்கெட்டு விசையை அழுத்தி நடப்பவர்தான் ரோல்பிளேயர், அதாவது தன் பாத்திரமாகவே வாழ்ந்து நடிப்பவர்.

சித்தப்பா: அடடா. அவர்களுக்கெல்லாம் இணையம் மெதுவாக இருக்கிறது என்றல்லவா இத்தனை நாளும் பரிதாபப்பட்டேன்!

நிலா: பக்கத்துச் சிற்றூர் கோல்ட்ஷயருக்கே போகலாமே, எப்போதும் கூட்டம்.

மீனா அக்கா: நிலா, சித்தப்பா இருக்கிறார். மூன் கார்ட் சர்வரில் அந்த ஊர்ச் சத்திரத்துக்கு எவ்வளவு ஆபாசமான பெயர் என்று தெரியாதா?

சித்தப்பா: எனக்கும் தெரியும் அம்மா.

செந்தில்: இவ்வளவு பெரிய உலகத்தில் அந்தச் சிற்றூரில் ஏன் கூடுகிறார்கள்?

மீனா அக்கா: தலைநகரத்துக்குப் பக்கம், முதல் நிலையில் இருப்பவனும் நடந்தே போய்விடலாம். பனிமலை உச்சி அழகுதான், ஆனால் வசனத்தின் நடுவில் ஓநாய் வந்து கடிக்கும். இன்னொன்று, சாதாரணப் பேச்சு அருகில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மைதானத்தில் ஆள் சிதறினால் பாதிப் பேச்சு காற்றோடு போகும். நான்கு சுவர் இருந்தால்தான் உரையாடல் நிற்கும்.

நிலா: ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டில் பால்மங் சர்வரில் உல்டா நகரத்து குவிக்சேண்ட் சத்திரமும் அப்படித்தான். ஆனால் இப்போது நிறைய பேர் வீடு வாங்கி அதையே மதுக்கூடமாக நடத்துகிறார்கள். 2022இல் ஒரு டேட்டா சென்டரை, அதாவது ஒரு சர்வர் தொகுதியை, விட்டு இன்னொன்றுக்குப் போகும் வசதி வந்த பிறகு வெளியாட்களும் வரலாம். விளக்கு, மேடை, வாசலில் வரவேற்க ஆள், எல்லாம் உண்டு.

மீனா அக்கா: அழகுதான், எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு முகவரி தெரிந்தவன்தான் வருவான். சத்திரத்துக்கு வழி தவறியவனும் வருவான். என் முதல் நாளில் நான் மூலையில் நின்றிருந்தேன். குள்ளர் இனப் பாத்திரமாக விளையாடிய ஒருவர் நாற்காலியை என் பக்கம் தள்ளுவதாக எழுதினார். நிஜப் பேச்சு என்று காட்ட இரட்டை அடைப்புக்குறி போட வேண்டும். பதற்றத்தில் அதை மறந்து, ‘மன்னிக்கவும், பூனை கீபோர்டில் ஏறிவிட்டது’ என்று பாத்திரத்தின் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவர் அசரவில்லை. ‘கீபோர்டா? அது எந்த நாட்டு மலை?’ என்றார். முகவரி கேட்டிருந்தால் நான் அன்று போயிருக்கவே மாட்டேன்.

சித்தப்பா: லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் பிரீ ஊரின் பிரான்சிங் போனி சத்திரமும் அப்படித்தான். யாராவது லூட் என்ற நரம்பு வாத்தியத்தை எடுத்து வாசிப்பார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். முன்பு லேண்ட்ரோவல் சர்வரில் வெதர்ஸ்டாக் என்று மலை மேல் இசைவிழாவே நடத்தினார்கள்.

மீனா அக்கா: சித்தப்பா, நீங்களும் ரோல்பிளேயர்தான். ஒப்புக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: நான் வெறும் ரசிகன்.

நிலா: சரி, இன்று இரவு எங்கே?

மீனா அக்கா: பிக் அண்ட் விசில், ஒன்பது மணி. நிலா, எதிரணி இனமான ஆர்க்கோடு வராதே. காவலர்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள். தப்பி வந்தாலும் நீ பேசுவது எங்களுக்கு உளறலாகத்தான் தெரியும். மனிதப் பாத்திரம் ஒன்று உருவாக்கு.

செந்தில்: நடக்கும் விசை எது அக்கா?

மீனா அக்கா: நம்பர் பேடில் வகுத்தல் குறி. நடந்தே வாருங்கள், எல்லோரும்.

சித்தப்பா: என் மடிக்கணினியில் நம்பர் பேட் இல்லை. நான் ஓடியே வருகிறேன்.