“உண்மையில் எந்த ஊர், ரீச்சர்?”: சாங்ஷாவில் என் முதல் வாரங்கள்

வெளிநாட்டில் முதல் வேலைக்குப் போன நாட்களைப் பற்றி இந்தத் திரியில் எல்லாரும் எழுதுவதை ஒரு வாரமாக வாசித்து வருகிறேன். எனக்கும் எழுத வேண்டும்போல இருக்கிறது. 2018 ஆகஸ்ட் கடைசியில், சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனேன். அப்போது வயது 23. பிறந்தது யாழ்ப்பாணத்தில், ஒன்பது வயதில் கனடா வந்து ஸ்காபரோவில் வளர்ந்தேன். ஆங்கிலம் எனக்கும் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்த மொழிதான்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று மேலே ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, நான் போன காலத்தில் அவர்கள் முதலில் பார்த்தது கடவுச்சீட்டை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு இருந்தால் வழி சுலபம். அதோடு ஒரு பட்டம், பொலிஸ் சான்றிதழ், இரண்டு வருட அனுபவம் அல்லது ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடினம். இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால், ‘சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று எந்த முகவர் சொன்னாலும் தயவுசெய்து போகாதீர்கள். வேலைக்கென்று இருப்பது இசட் விசா. அது இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் அபராதம், தடுப்புக்காவல், நாடுகடத்தல் வரை போகும்.

கடவுச்சீட்டு சரியாக இருந்தும் எனக்கு இரண்டு இடங்களில் கை விரித்தார்கள். தொலைபேசியில் கதைத்தபோது எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு முகவர்கள் என் படம் கேட்டார்கள், அனுப்பினேன். ஒருவர், ‘பெற்றோர் வேறு மாதிரி எதிர்பார்ப்பார்கள்’ என்று எழுதினார். மற்றவர் எழுதவேயில்லை. மூன்றாவதாகக் கிடைத்ததுதான் சாங்ஷாவில் இருந்த ஓர் அரச பாடசாலை. அந்தப் படத்தின் காயத்தோடுதான் விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் முகவரியைப் பதிய வேண்டும், பிறகு மருத்துவப் பரிசோதனை, 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம். இதற்கெல்லாம் பாடசாலையே ஆள் அனுப்பியது. சிரமமாக இருந்தது காசு விஷயம்தான். ஊரே வீசாட் என்ற கைபேசிச் செயலியில் காசு கொடுக்கிறது. எனக்கோ வங்கிக் கணக்குத் திறக்க இரண்டு வாரம் எடுத்தது. காலையில் நூடுல்ஸ் கடையில் நான் தாளை நீட்டும்போதெல்லாம் கடைக்கார அம்மா மாற்றிய காசு தேடி லாச்சி முழுக்கத் துழாவுவார். அந்த நூடுல்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சாங்ஷாவில் காலைச் சாப்பாடு அரிசி நூடுல்ஸ், ‘மீஃபென்’. தட்டை, உருண்டை என்று இரண்டு வகை. உருண்டை வகை இடியப்பத்தின் தடித்த அண்ணன் மாதிரி இருக்கும். உறைப்போ யாழ்ப்பாணத்து உறைப்புக்கு நேர் நின்று பதில் சொல்லும். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். செப்டெம்பரில் ரொறன்ரோவுக்கும் சாங்ஷாவுக்கும் சரியாக 12 மணித்தியால வித்தியாசம். அதனால் அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தே, ‘இப்ப இடியப்பக் கடைக்குப் போயிருப்பாய்’ என்று செய்தி போடுவார்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு. மொத்தம் 14 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 50 பேருக்கு மேல், ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரே ஒரு பாடம். இலக்கணம், பரீட்சை எல்லாவற்றையும் சீன ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். ‘வாய்ஜியாவ்’ என்று அவர்கள் சொல்லும் வெளிநாட்டு ஆசிரியரின் வேலை, பிள்ளைகளைப் பேச வைப்பது.

முதல் நாள் வகுப்புத் தலைவன் குரல் கொடுத்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். “ஹவ் ஆர் யூ?” என்றேன். “ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ, அண்ட் யூ?” ஐம்பது பேரும் ஒரே குரலில், ஒரே இழுப்பில். அதோடு சரி. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆப்பிள், சன்னி, கோபி (Kobe) என்று தாங்களே வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று காது சிவக்க மேசையைப் பார்த்தார்கள். அடுத்த நாள் ஒரு வகுப்பில் மணி அடித்த பிறகும் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் இசை தொடங்கியதும் ஐம்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அது சீனப் பாடசாலைகளில் 1960களிலிருந்து நடக்கும் கண் பயிற்சி, கண்ணைச் சுற்றி விரலால் அமுக்கி விடுவது. அன்று எனக்கு அது தெரியாது. நான் பேசப் பேச ஒரு வகுப்பே என்னிடமிருந்து முகத்தைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது.

இந்த நிலைமைக்குச் சீன மொழியிலேயே ஒரு பெயர் இருக்கிறது: ‘யாபா யிங்யூ’, ஊமை ஆங்கிலம். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையான காவ்காவ்வில் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 புள்ளிகள், அதில் ஆங்கிலத்துக்கு 150. ஆனால், அந்த 150ஐ வாசித்தும் எழுதியும் கேட்டும்தான் எடுக்கிறார்கள். பேச்சுக்குப் புள்ளி இல்லை என்றால் பிள்ளை ஏன் வாயைத் திறந்து பிழை விட வேண்டும்?

செப்டெம்பர் 10 சீனாவில் ஆசிரியர் தினம். இரண்டாவது வாரத் திங்கட்கிழமை என் மேசையில் வாழ்த்து அட்டைகள் குவிந்திருந்தன. அவற்றில் ஒன்று ஆப்பிளுடையது. ஓர் எழுத்துப் பிழை கூட இல்லாத ஆங்கிலத்தில், நாங்கள் பேசாமல் இருப்பதற்கு மன்னியுங்கள், பேசினால் பிழை வரும் என்று எழுதியிருந்தாள். அதை வாசித்தபோது 2004இல் ஸ்காபரோப் பாடசாலையில், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், கடைசிக் கதிரையில் மாதக்கணக்காக வாய் திறக்காமல் இருந்த என்னையே கண்டேன். மனதுக்குள் முழு வசனமும் இருக்கும். வெளியே வராது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. எந்த ஊர் என்று ஒரு பையன் கேட்டான். கனடா என்றேன். உடனே வகுப்பு முழுக்க, “பாய் ச்யூ-என்!” என்றது. நோர்மன் பெத்தியூனின் சீனப் பெயர் அது. ஒன்ராறியோவில் பிறந்த மருத்துவர். சீனாவில் காயப்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்தபோது இரத்தத்தில் நஞ்சேறி 1939இல் இறந்தவர். ஏழாம் வகுப்புப் பாடநூலில் அவரைப் பற்றிப் படித்திருந்தார்கள். பிறகு அந்தப் பையன் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கேட்டான்: “உண்மையில் எந்த ஊர், ரீச்சர்?”

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அந்தப் படம், அந்தப் பதில் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. “கனடா” என்று இன்னொரு முறை, கொஞ்சம் கடினமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன். அவன் உட்கார்ந்தான். அந்தப் பாடம் முடியும்வரை நிமிரவில்லை.

ஆசிரியர் அறையில் எனக்கு எதிர்மேசையில் இருந்த ஆங்கில ஆசிரியை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடந்ததை அவரிடம் சொல்லி ஆறுதல் எதிர்பார்த்தேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், கோப்பையில் சுடுதண்ணீர் வார்த்துத் தந்தார், பிறகு சொன்னார்: “இந்த இரண்டு வாரத்தில் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டவன் அவன் ஒருவன்தான். நீங்கள் அதை மூடிவிட்டீர்கள்.” முகவர் கேட்டதும் இந்தப் பிள்ளை கேட்டதும் ஒரே கேள்வி இல்லை என்பது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த வாரம் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு கல்லின் படத்தைக் கொண்டு போனேன். இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த கல். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுபோய் நட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. எழுத்துத் தேய்ந்த கல் என்பதால் சீனப் பகுதியைத் தனியாக அச்சடித்தும் கொடுத்தேன். செங் ஹேயின் பெயரையும் யுங்-லோ பேரரசரின் ஏழாம் ஆண்டு, அதாவது 1409, என்பதையும் அவர்களே கண்டுபிடித்துக் கத்தினார்கள். நான் தமிழ்ப் பகுதியைக் காட்டி, “இதுதான் என் வீட்டு மொழி. பிறந்தது இந்தத் தீவில், வளர்ந்தது கனடாவில். இரண்டும் உண்மை” என்றேன். அந்தப் பையனின் பிரிவில் இதைச் சொல்லும்போது அவனைப் பார்த்தே சொன்னேன். கேட்டதற்கு நன்றி என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு தமிழில் எழுதிக் காட்டச் சொல்லி விடமாட்டார்கள். கரும்பலகையில் ல, ள, ழ எழுதி உச்சரித்துக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் வித்தியாசமே கேட்கவில்லை என்றார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. சாங்ஷாப் பேச்சில் ‘ன’வும் ‘ல’வும் கலந்துவிடும், ஹூனானையே ‘ஃபூலான்’ என்று சொல்வார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ‘லைட்’டும் ‘நைட்’டும் இவர்களுக்கு ஒன்றுதான். எங்கள் ஊரிலும் வாழைப்பழத்தை வாளைப்பளம் என்போம், அதற்காக யாரும் பழத்தை மாற்றித் தருவதில்லை என்றேன். முதல்முறையாகச் சிரித்தார்கள். பிறகு நான் சீனம் பேசினேன். மனிதர் என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி எங்கள் ழகரத்துக்கு மிகக் கிட்ட. அதைச் சரியாகச் சொன்னபோது கை தட்டினார்கள். மற்றச் சொற்களின் குரல் ஏற்ற இறக்கத்தைப் பிழையாகச் சொன்னபோது ஐம்பது பேரும் என்னைத் திருத்தினார்கள், அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் பாடங்களில் பேச்சு வந்தது அந்த நாளில்தான். எல்லாப் பிரிவிலும் வந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்று பிரிவுகள் அந்த மாதம் முழுக்கவும் மௌனமாகவே இருந்தன.

ஒக்டோபர் முதலாம் திகதி தேசிய தினம், ஒரு வார விடுமுறை. ஆனால் அதற்கு ஈடாக முந்திய சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை நாள். செப்டெம்பர் 30, ஞாயிறு பின்னேரம், எல்லாரும் வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருக்க, ஆப்பிளின் பிரிவுக்குப் பாடம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் கை தூக்கினாள். எழுந்து நின்றாள், வழக்கம்போலக் காது சிவந்தது. அந்தக் கல்லை நான்ஜிங்கில் தயார் செய்துதான் கப்பலில் ஏற்றினார்கள் என்று வீட்டில் தேடி வாசித்திருக்கிறாள். சொல் சொல்லாகக் கேட்டாள்: “ரீச்சர், 1409இல் நான்ஜிங்கில் தமிழ் எழுதியது யார்?”

நான் பதில் சொல்வதற்கு முன்பே பின் வரிசையில் இருந்து கோபி, வியாபாரி என்றான். இன்னொருத்தி, இல்லை, மாலுமி என்றாள். பிக்குவாகக்கூட இருக்கலாம் என்று மூன்றாவது குரல். வினைச்சொல் இல்லாத வசனங்கள், காலம் மாறிய வசனங்கள், ‘ன’வுக்குப் பதில் ‘ல’. நான் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு ஆப்பிளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுக் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.