நத்தியே வரைந்த ஹென்றியெட்: வாசிக்கிறாரா, வெறும் போஸா?

தூரிகை:
பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் நத்தியே வரைந்து, வெர்சாய் அரண்மனையில் உள்ள இந்த ஓவியத்தை எல்லாரும் ஓர் இசைக்கலைஞரின் ஓவியம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள் ஹென்றியெட், தங்கப் பூவேலை செய்த சிவப்பு அரசவை உடையில் வியோலா ட காம்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். சுருக்கமாகக் காம்பா: கால்களுக்கு நடுவே பிடித்து வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம் அது. அவ்வளவு துணியை விரித்துக்கொண்டு யாராவது சாதகம் செய்வார்களா? அலங்காரம் மிகுந்த ரொகோகோ பாணி ஓவியர்களுக்கு வாத்தியமும் ஒரு நகைதான்.

காம்பாப்பிரியன்:
உடையை விடுங்கள், வலது கையைப் பாருங்கள். வயலின்காரர் போல வில்லை மேலிருந்து பிடிக்காமல், உள்ளங்கையைத் திருப்பிக் கீழிருந்து பிடித்திருக்கிறார். காம்பாவுக்கு அதுதான் முறை. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஃபோர்க்கரே, தன் தந்தையின் காம்பா உருப்படிகளை 1747-ல் அச்சிட்டபோது இவருக்குத்தான் சமர்ப்பித்தார். தேர்ந்த கலைஞர்களையே இன்றும் திணறடிக்கும் உருப்படிகள் அவை!

தூரிகை:
ராஜகுமாரிக்குச் சமர்ப்பணம் செய்வது ஆதரவு தேடித்தான். எட்டு வயது மொஸார்ட்டும் 1764-ல் ஹென்றியெட்டின் தங்கை விக்துவாருக்கு சொனாட்டாக்களைச் சமர்ப்பித்தார். அதை வைத்து விக்துவாரை மேதை என்போமா? அப்புறம், ஹென்றியெட் 1752 பிப்ரவரியில் பெரியம்மையால் இறந்துவிட்டார், 24 வயதில். ஓவியம் முடிந்தது 1754-ல். எதிரில் இல்லாதவரின் விரல்களை வைத்து என்ன நிரூபிப்பது?

செம்மண்:
இறந்தபின் முடித்தது என்பதாலேயே எனக்கு இது பெரிய சான்றாகப் படுகிறது. இதே நத்தியே 1742-ல் அவரை மலர்களின் தேவி ஃப்ளோராவாக வரைந்தவர். போன பெண்ணை நினைவில் வைக்க மறுபடி பூவையே கையில் கொடுத்திருக்கலாம். ஆள் உயரத்துக்கும் பெரிய துணியில் வாத்தியத்தோடு உட்காரவைத்தார். அவரை அறிந்தவர்கள் பார்க்கப்போகும் படம் அது. வாசிக்கத் தெரியாதவர் கையில் காம்பாவை வைத்தால் அவர்கள் மனம் ஏற்குமா?

தூரிகை:
அப்படியானால் இசையில் தோய்ந்த முகம் எங்கே? நத்தியே வரைந்த சகோதரிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் அதே ரோஜாக் கன்னம், அதே சலனமற்ற பார்வை.

காம்பாப்பிரியன்:
கன்னத்தின் ரோஜா நத்தியேவுடையதுதான். ஆனால் அமைதியான முகம் அன்றைய இசைப் பயிற்சியிலேயே இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரன், பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்ஸிகார்டுக்கு 1716-ல் வெளியிட்ட கையேட்டில், வாசிக்கும்போது முகம் கோணுகிறவர்கள் எதிரே கண்ணாடி வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்கிறார். புருவத்தை நெரித்து, கண்ணை மூடி வாசிக்கும் ஹென்றியெட்டை அந்த அரசவையே பார்த்திருக்காது. நத்தியே மட்டும் எங்கிருந்து வரைவார்?