இந்தியாவில் 2 கிலோ, ஐரோப்பாவில் 3.38 கிலோ: இங்கே தேறிய பசுமை ஹைட்ரஜன் அங்கே ஏன் தேறாது?

கேள்வி – உப்புக்காற்று

தூத்துக்குடிப் பக்கம் வரப்போகும் ஹைட்ரஜன் ஆலை ஒன்றின் உமிழ்வுக் கணக்கு பற்றிய சந்தேகம். எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி), துணைக் கருவிகள் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 55 யூனிட் மின்சாரம். காற்றாலையோடும் சோலாரோடும் பிபிஏ (மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம்), பற்றாக்குறைக்குப் பேங்கிங் (உபரி மின்சாரத்தைக் கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், வரவு வைத்துப் பிறகு எடுப்பது). 2023 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த வரையறைப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய வரம்போ 3.38 கிலோ. நம்முடையதுதானே கறார்? இங்கே தேறியது அங்கே தானாகத் தேறிவிடாதா? மற்ற நாடுகளின் வரம்பும் வேண்டும்.

பதில் – கணக்குப்பிள்ளை

தேறாது சார். வரம்பை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

3.38 எப்படி வருகிறது என்று பாருங்கள். புதைபடிவ எரிபொருளுக்கு ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 94 கிராம் கரியமில வாயு என்று வைத்து, அதில் 70 சதவீதம் குறைய வேண்டும் என்கிறார்கள். மிச்சம் 28.2 கிராம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல், பெருக்கினால் 3.38 கிலோ. ஆனால் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்தக் கணக்குக்குள் வரும். நம் 2 கிலோ ஆலை வாசலோடு சரி: நீர் சுத்திகரிப்பு, மின்பகுப்பு, வாயுவைச் சுத்தப்படுத்தி உலர்த்துவது, கம்ப்ரஸர், அவ்வளவுதான்.

இன்னொன்று, சராசரி. நமக்கு 12 மாதச் சராசரி போதும். அவர்களுக்கு அதிகபட்சம் ஒரு மாதம். ஒரு மோசமான மாதத்தை நல்ல மாதத்தால் மூடி மறைக்க முடியாது.

கிரிட் மின்சாரம் கலந்தால் என்ன ஆகும்? நம் கிரிட்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ. முழுக்கக் கிரிட்டில் ஓட்டினால் 55 × 0.72, கிட்டத்தட்ட 40 கிலோ. இயற்கை எரிவாயுவில் எடுக்கும் ஹைட்ரஜனைப்போல நாலு மடங்கு! ஐரோப்பிய விதியில் ஒரே ஆலையில் ஒரே காலகட்டத்தில் தயாரான அத்தனைக்கும் ஒரே உமிழ்வு அளவுதான். 10 சதவீதம் கிரிட் மின்சாரம் கலந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கு மட்டும் போகாது. சராசரி 4 கிலோவைத் தொட்டு, அந்த மாதத்துச் சரக்கு மொத்தமும் கழிந்துவிடும். கம்ப்ரஸருக்குத் தனிக் கிரிட் இணைப்பு கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கிலோவுக்கு 2 யூனிட் இழுத்தாலே 1.4 கிலோ, நம் வரம்பிலேயே முக்கால்வாசி போச்சு.

பதில் – தென்மேற்கு

மேலே சொன்னது உமிழ்வு. ஐரோப்பாவில் அதற்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது, எந்த மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்ற கேள்வி. பிபிஏ வழியில் வந்தால் மூன்று நிபந்தனை:

காற்றாலை, சோலார் புதிதாக இருக்க வேண்டும். எலக்ட்ரோலைசர் ஓடத் தொடங்குவதற்கு 36 மாதத்துக்கு மேல் பழையது ஆகாது, அரசு மானியம் வாங்கியதும் ஆகாது. அந்த மின் நிலையமும் எலக்ட்ரோலைசரும் ஒரே விலை மண்டலத்தில் (மின்சந்தையில் ஒரே விலை நிலவும் பகுதி) இருக்க வேண்டும். மூன்றாவது நேரம். 2029 முடியும்வரை ஒரே காலண்டர் மாதத்துக்குள் உற்பத்தியும் பயன்பாடும் பொருந்தினால் போதும். 2030 ஜனவரியிலிருந்து மணிக்கு மணி.

பேங்கிங் அடிபடுவது இந்த மூன்றாவதில்தான். 2022 பசுமை ஹைட்ரஜன் கொள்கையில் நமக்கு 30 நாள் பேங்கிங் உண்டு. ஜூன் 3-ம் தேதிக் காற்றை 28-ம் தேதி எடுத்தால் இப்போதைக்கு இரு பக்கமும் சரி. ஜூன் 25-ம் தேதிக் காற்றை ஜூலை 5-ம் தேதி எடுத்தால் இங்கே செல்லும், அங்கே செல்லாது. பத்தே நாள்தான், ஆனால் மாதம் மாறிவிட்டது. 2030-க்குப் பிறகு பேங்கிங் அறவே உதவாது. உண்மையான பேட்டரி வேண்டும், அதுவும் எலக்ட்ரோலைசரோ காற்றாலையோ இருக்கும் அதே இணைப்புப் புள்ளிக்குப் பின்னால்.

கேள்வி – உப்புக்காற்று

நன்றி. ஆலை 2027 கடைசியில் ஓட ஆரம்பித்தால் பழைய காற்றாலையைச் சேர்க்கலாமா? பயோமாஸ் வழி?

பதில் – தென்மேற்கு

2028 ஜனவரி 1-க்கு முன் ஓடத் தொடங்கினால் புதியது, மானியமற்றது என்ற இரண்டும் 2038 வரை பொருந்தாது. நேரமும் மண்டலமும் அப்போதும் பொருந்தும். 2028-க்குப் பின் கூடுதலாகப் போடும் எலக்ட்ரோலைசர் திறனுக்குச் சலுகை இல்லை. 'கடைசியில்' என்பது ஆபத்தான வார்த்தை, இரண்டு மாதம் தள்ளிப்போனால் பழைய காற்றாலைகளை மொத்தமாகக் கழிக்க வேண்டிவரும்.

பயோமாஸ் நம் வரையறையில் பசுமைதான், அதே 2 கிலோ. ஐரோப்பாவில் அது உயிரி எரிபொருள் கணக்கில் போகும், நாம் பேசும் இந்த மின்பகுப்பு ஹைட்ரஜன் விதிகளுக்குள் வராது.

பதில் – கணக்குப்பிள்ளை

மற்ற நாடுகள்: ஜப்பான் 3.4 கிலோ. கொரியா 4 கிலோ, உள்ளே நாலு படி. பிரிட்டன் மெகாஜூலுக்கு 20 கிராம், அதாவது 2.4 கிலோ, நேரக் கணக்கு அங்கே அரை மணி. அமெரிக்க வரிச் சலுகை 4 கிலோவில் தொடங்கும், கிலோவுக்கு முழு 3 டாலர் வேண்டுமென்றால் 0.45-க்குக் கீழே. இந்த நால்வரும் 'பசுமை' என்று பேசுவதே இல்லை. 'தூய', 'குறைந்த கார்பன்' என்பார்கள், அதனால் அணுமின்சாரத்துக்கும் இடம் உண்டு.

மீட்டரை 15 நிமிட அளவில் இப்போதே பதியச் சொல்லுங்கள்: காற்றாலை, சோலார், எலக்ட்ரோலைசர், கம்ப்ரஸர் தனித்தனியாக. மாதக் கூட்டுத்தொகை மட்டும் வைத்திருந்தால் பிறகு மணிக்கணக்கைத் திரும்ப எடுக்க முடியாது. தமிழ்நாட்டுக் காற்றையும் ராஜஸ்தான் சோலாரையும் ஒரே மண்டலமாகக் காட்டலாமா என்பதை, பிபிஏ கையெழுத்துக்கு முன்பே சான்று தரும் அமைப்போடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஆணையம் 2024 டிசம்பரில் அங்கீகரித்த சான்றுத் திட்டங்கள் மூன்று: செர்டிஃபை, ஐஎஸ்சிசி, ரெட்செர்ட்.