சமுதாயக் கல்லூரியில் தாதியர் படிப்பு

கிளிநொச்சியிலிருந்து ஒரு கேள்வி:
உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, வவுனியாவில் மூன்று ஆண்டுத் தாதியர் பயிற்சிக்குச் சேர எண்ணியிருந்த என் தங்கை, இப்போது குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறவிருக்கிறாள். அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு இணைப்பட்டம் முடித்தால் முழுத் தாதியாக முடியுமா?

பதில்:
முடியும், தம்பி. நான்காண்டுப் பட்டதாரிகள் எழுதும் அதே தாதியர் உரிமத் தேர்வைத்தான் (என்கிளெக்ஸ்-ஆர்என்) இணைப்பட்டம் பெற்றவர்களும் எழுதி, அதே உரிமத்தைப் பெறுகிறார்கள். ஆனால் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றைப் பல கல்லூரிகள் முன்கூட்டியே கேட்பதால், இரண்டு ஆண்டு என்பது பெரும்பாலும் மூன்றாக நீளும். சோர்ந்துபோகாதிருக்க இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து மற்றொரு பதில்:
சில பெரிய மருத்துவமனைகள் நான்காண்டுப் பட்டதாரிகளையே விரும்புகின்றன. வேலை செய்தபடியே பின்னர் அந்தப் பட்டத்தை நிறைவுசெய்யலாம். புறப்படுமுன் உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, அக்கா. நாளைக்கே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம்.