90 நொடி டிரெய்லர், ஆறு பேர், ரெண்டு போன்: எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பாளை_விஸ்காம்_6

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) ரெண்டாம் வருஷம் படிக்கோம். குரூப் புராஜெக்டுக்கு, எடுக்காத ஒரு படத்துக்கு 90 நொடியில டிரெய்லர் செய்யணும். கதை இதுதான்: ராத்திரி கடைசி பஸ்ல வந்து, ஊருக்குப் பாதை பிரியுற விலக்குல இறங்குனவன் ஊருக்குள்ள வந்து சேரல. மறுநாள் பனங்காட்டுல அவன் செருப்பு மட்டும் கிடக்கு. பேரு ‘கடைசி டிரிப்பு’. கையில இருக்கது ரெண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு டிரைபாட், காலர் மைக் ஒன்னு, 8 ஜிபி ராம் லேப்டாப்.

முழுக்கதையையும் எடுத்துட்டு வெட்டணுமா? ராத்திரி எடுத்தா படம் பூரா புள்ளி புள்ளியா வருது, என்ன செய்ய? பஸ்ஸுக்கு எங்க போக? டைட்டில்ல தமிழ் எழுத்து உடையுது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா நிக்குது. அதுக்கும் வழி சொல்லுங்க.

வெட்டுமேசை

முழுக்கதையை எடுத்தா செமஸ்டர் முடிஞ்சிரும், டிரெய்லர் வராது. கேமராவை இப்போதைக்கு உறையிலேயே வைங்க. முதல்ல 90 நொடிக்கு ஒலியை மட்டும் அடுக்குங்க. வசனம் ஏழெட்டு வரி, பஸ் சத்தம், இசை, நடுவுல மௌனம். வசனத்தை நீங்களே போன்ல பேசிப் பதிஞ்சா போதும், நடிக்கிறவங்க குரலைப் பின்னால மாத்திக்கலாம். கண்ணை மூடிக் கேட்டா ‘என்னமோ நடந்துருக்கு’ன்னு புரியணும், என்ன நடந்துச்சுன்னு தெரியக் கூடாது. அந்த ஒலிப்பட்டையே எந்த நொடிக்கு என்ன படம் வேணும்னு சொல்லிரும். அதை மட்டும் எடுங்க, ஒரு ஷாட் கூடுதலா வேண்டாம்.

உங்க கதைக்கு நான் பிரிச்சா முதல் 25 நொடி நிதானம். விலக்கு, பஸ் வெளிச்சம், இறங்குறவன், நடந்து போற முதுகு. ஒரு ஷாட் மூணு நாலு நொடி நிக்கும், ஏழெட்டு ஷாட் போதும். அடுத்த 35 நொடி தேடல். அம்மா, டீக்கடை, செருப்பு, பொய் சொல்ற ஒரு முகம். ஷாட்டுக்கு 2 நொடின்னு பதினேழு பதினெட்டு வரும். பிறகு 20 நொடி ஓட்டம், ஷாட் ஒரு நொடி, சிலது 12 பிரேம்தான். சட்டுனு எல்லாச் சத்தமும் நின்னு ஒன்றரை நொடி மௌனம், அதுமேல டைட்டில், ரெண்டும் சேர்ந்து 6 நொடி. கடைசி 4 நொடிக்கு ஒரே ஷாட். ஆக 45லிருந்து 50 ஷாட்.

அந்த 20 நொடி ஓட்டத்துலதான் மாணவர் டிரெய்லர் பெரும்பாலும் சொதப்பும். 12 பிரேம்ங்கிறது அரை நொடிக்கும் குறைவு. அதுல கண்ணு வாசிக்கக்கூடியது கை, செருப்பு, கண், பூட்டு மாதிரி குளோசப் மட்டும்தான். வைடு ஷாட் புரியவே ரெண்டு நொடி ஆகும். வேகமா வெட்டும்போது முக்கியமான பொருள் அடுத்தடுத்த ஷாட்ல பிரேமுக்குள்ள ஒரே இடத்துல இருக்கணும். இந்த ஷாட்ல செருப்பு இடது ஓரத்துலயும் அடுத்ததுல முகம் வலது ஓரத்துலயும் இருந்தா, கண்ணு தேடிப் போய்ச் சேர்றதுக்குள்ள ஷாட் போயிரும். படம் பிடிக்கும்போதே இதைப் பார்த்து வைக்கணும். எடிட்ல ஜூம் பண்ணிச் சரிசெஞ்சா படம் நைஞ்சிரும்.

எழுத்து கார்டு போட்டா மூணு நாலு வார்த்தைக்கு மேல வேண்டாம். மனசுக்குள்ள ரெண்டு தடவை வாசிக்கிற நேரம் திரையில நிக்கட்டும்.

தெர்மாகோல்

படப்பிடிப்புப் பக்கம் நான் சொல்லுதேன்.

போன் வாங்குனதிலிருந்து நொடிக்கு 30 பிரேம்லதான் ஓடிக்கிட்டு இருக்கும். 25க்கு மாத்துங்க, ஷட்டர் (ஒரு பிரேம் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/50 நொடி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/60ல வீட்டுக்குள்ள எடுத்தா கருப்புப் பட்டை மேலயும் கீழயும் ஊர்ந்து போகும், அதை எடிட்ல போக்குறது பெரும்பாடு. போனோட வந்த கேமரா இதுக்கு இடம் கொடுக்கலைன்னா ஓப்பன் கேமரா ஆப் போட்டுப் பாருங்க, காசில்லை. ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரிக்கட்டுற அளவு, கெல்வின்ல இருக்கும்) மூணையும் பூட்டிருங்க. ரெண்டு போனுக்கும் ஒரே கெல்வின், பகலுக்கு 5500. நம்ம செம்மண்ணைப் பார்த்ததும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நீலத்தை அள்ளிக் கொட்டும், முகம் செத்த மாதிரி ஆயிரும்.

நல்ல வெயில்ல 1/50 வச்சா படம் வெளுத்துப் போகும். வெளிச்சத்தைக் குறைக்க கிளிப் மாதிரி மாட்டுற என்டி பில்டர் கிடைச்சா வாங்குங்க, இல்லைன்னா மரநிழல்ல எடுங்க. காலை 10லிருந்து 3 வரை முகமே எடுக்காதீங்க. ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் நம்ம பக்கம் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல, கண்குழி ரெண்டும் கருப்பா விழும். வேற வழியில்லைன்னா எட்டு முழ வேட்டியை ரெண்டு கம்புல கட்டித் தலைக்கு மேல பிடிச்சு, நெஞ்சு மட்டத்துக்குக் கீழ இருந்து தெர்மாகோல் காட்டுங்க. கடையில கிடைக்கிற ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் ஷீட் ஒரு முகத்துக்குப் போதும். காத்துல முறியாம இருக்கப் பின்னால அட்டை ஒட்டிக்கோங்க.

ராத்திரிக் காட்சியை ராத்திரியில எடுக்காதீங்க. போன் இருட்டுல ஐஎஸ்ஓவை 3200க்கு ஏத்துது, அதான் அந்தப் புள்ளி. 800ஐத் தாண்ட விடாதீங்க. அந்தி நேரத்துல எடுங்க. நாம பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருக்கதால அந்தி சட்டுனு முடிஞ்சிரும். சூரியன் இறங்கி 20, 22 நிமிஷத்துல இருட்டு கட்டிரும். அதுல எட்டாவது நிமிஷத்திலிருந்து இருபதாவது வரைதான் உங்களுக்கு வேணும்: வானம் கருநீலம், பனை கருப்பு, முகத்துல மட்டும் டார்ச். ஒயிட் பேலன்ஸை 4000க்கு இறக்குனா நீலம் இன்னும் தூக்கும். ஒரு சாயங்காலத்துக்கு ரெண்டு ஷாட், மிஞ்சிப் போனா மூணு. நாலரைக்கே போய் நடையை ஒத்திகை பார்த்து, டிரைபாட் காலுக்கு மண்ணுல அடையாளம் போட்டு வைங்க.

பஸ்? கேமராவுக்குப் பஸ்ஸே வேண்டாம். ஆறடிக் கம்புல ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி டார்ச் ரெண்டு கட்டுங்க, மேல மஞ்சள் ஜெலட்டின் பேப்பர். ரெண்டு பேர் கம்பை இடுப்பு உயரத்துல பிடிச்சு நடிகர் பக்கம் நடந்து வந்து, பக்கத்துல வந்ததும் திரும்பணும். வெளிச்சம் முகத்தைத் தடவிக்கிட்டுப் போகும், பின்னால பனை நிழல் சுத்தும். கேமரா முகத்தை விட்டு நகரவே கூடாது. பிறகு சிவப்புப் பேப்பர் சுத்துன ஒரு டார்ச்சை முதுகுப்பக்கமா விலக்கிக் கொண்டு போனா பஸ் போயிட்டு. இதுக்கு மேல என்ஜின் இரைச்சலும் கண்டக்டரோட ரெண்டு விசிலும் போட்டா, பஸ் எங்கன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.

பாளை_விஸ்காம்_6

டார்ச் ஐடியா அருமை அண்ணாச்சி. இன்னும் ரெண்டு: பனங்காடு கயத்தாறு பக்கம், கூட்டாளி ஊரு. காத்து இரைச்சல்ல பேசுறது ஒன்னும் கேக்கல. காலர் மைக் ஒரு போன்ல வேலை செய்யுது, இன்னொன்னுல செய்யல. அப்புறம் 4கேல எடுக்கவா?

காதுக்கடை

கயத்தாறா? காத்தாலைக்காரன் சும்மாவா அங்க நட்டு வச்சிருக்கான். ஜூன்லேருந்து செப்டம்பர் வரை அங்க வெளியில வசனம் பதியிற ஆசையை விட்டுருங்க.

முதல்ல மைக். பின்னை எடுத்துப் பாருங்க. கருப்பு வளையம் மூணு இருந்தா போனுக்கு, ரெண்டு இருந்தா கேமராவுக்கு. ரெண்டு வளையம் உள்ளதைப் போன்ல குத்துனா போன் அதைக் கண்டுக்காம தன் மைக்கிலேயே பதியும், நமக்கும் தெரியாது. ரெண்டு வளையத்தை மூணா மாத்துற சின்ன வயர் கடையில கிடைக்கும். பதியத் தொடங்குறதுக்கு முன்னால மைக்கை நகத்தால சுரண்டிக் கேட்டா எது பதியுதுன்னு தெரிஞ்சிரும்.

மைக்கை நடிகர் சட்டைக்கு உள்பக்கம், வாய்க்கு ஒரு சாண் கீழ, மைக்ரோபோர் டேப்பால ஒட்டுங்க. வயர்ல ஒரு சின்ன வளையம் விட்டு அதையும் ஒட்டுனாத்தான் நடக்கும்போது உரசல் வராது. பருத்திச் சட்டை நல்லது, பாலியஸ்டர் சரசரன்னு கேக்கும். பதியிற போன் அவர் பையிலயே, ஏரோபிளேன் மோடுல. ஒவ்வொரு டேக்குக்கும் கேமரா முன்னால ஒரு தடவை கை தட்டுங்க, பிறகு அந்தச் சத்தத்தை வச்சு ரெண்டையும் பொருத்தலாம்.

காத்து அடங்கலைன்னா வாயசைப்பு தெரியாத ஷாட்டா எடுங்க. முதுகு, தூரம், கேக்கிறவன் முகம். வசனத்தை அங்கேயே, அந்த நிமிஷமே, கண்ணாடி ஏத்தி என்ஜின் நிறுத்தின கார்ல உக்காந்து மூணு தடவை சொல்லச் சொல்லிப் பதியுங்க. மூச்சு வாங்குறதும் கோபமும் குரல்ல அப்படியே நிக்கும். ரெண்டு நாள் கழிச்சு ஹாஸ்டல் ரூம்ல டப்பிங் பேசுனா அது வராது, சுவர் எதிரொலிதான் வரும். ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம 30 நொடி வெறும் சத்தம் பதிஞ்சுக்கோங்க, வசனத்துக்கு இடையில ஒட்டுப் போட அதுதான் உதவும். ஊர்ல கோயில் கொடை நடக்கிற வாரமான்னும் விசாரிச்சுருங்க. ஸ்பீக்கர் செட்டு கட்டிட்டா மூணு நாள் ஒன்னும் பதிய முடியாது. மயில் அகவுறது வசனத்துல விழுந்தா கவலைப்படாதீங்க, பனங்காட்டுக்கு அது பொருத்தம்தான்.

இசைக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப்ல ஏத்துன உடனே உரிமை கேட்டு நிக்கும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில இருந்து அடிநாதம் மட்டும் எடுங்க. டிரெய்லர்ல இடி மாதிரி விழுற அந்த ‘பூம்’ இருக்குல்ல, அதை எல்லாரும் இணையத்துல இருந்து இறக்குறதால எல்லா டிரெய்லரும் ஒரே மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல வில்லுப்பாட்டுக் குழு இருக்கு. குடத்து வாயில பத்திங்கிற மட்டையால அடிக்கிற அடியை ஒரு ஜாண் தூரத்துல மைக் வச்சுப் பதிஞ்சு, எடிட்ல வேகத்தைப் பாதியாக்குங்க. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி வயித்துல இடிக்கிற சத்தம் வரும். வேகத்தை மாத்தும்போது சுருதியைக் காக்கிற டிக்கை எடுத்துருங்க, இல்லைன்னா இழுத்த மாதிரிதான் இருக்கும். வில்லை அடிக்கிற வீசுகோல் நாண்ல படுற சத்தம் ஓட்டத்துக்கு நல்ல தாளம்.

அளவு: பதியும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல், முடிச்சு எடுக்கும்போது மைனஸ் 1ஐத் தாண்டக் கூடாது.

புரொடக்‌ஷன்_பை

அனுமதி பத்தி யாரும் பேசல. துறைத்தலைவர் கையெழுத்தோட கடிதம் நாலு நகல் கையில இருக்கட்டும். பனங்காடு தனியார் இடம்னா உடைமைக்காரர்ட்ட ஒரு வார்த்தை, ஊராட்சித் தலைவர்ட்ட ஒரு வார்த்தை. அந்தி நேரத்துல டார்ச்சோட ஆறு பேர் காட்டுல திரிஞ்சா ஊரு சும்மா இருக்காது. செம்மண்ணுக்காகக் குதிரைமொழித் தேரிப் பக்கம் போகணும்னு தோணும், அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேணும். பாபநாசத்துக்கு மேல போனா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கயும் அதே. கோயிலுக்குள்ள போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல உயர்நீதிமன்றம் சொல்லியாச்சு, வெளிப்பிரகாரத்தையும் மறந்துருங்க. ரயில்வே பிளாட்பாரம் வேண்டவே வேண்டாம்.

டிரோன் வாடகைக்கு எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. கூடங்குளத்துல அணுமின் நிலையம், விஜயநாராயணத்துல கடற்படைத் தளம். டிரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காம எதையும் மேல தூக்காதீங்க. இந்தக் கதைக்கு டிரோன் தேவையும் இல்லை.

வெட்டுமேசை

4கே கேள்விக்கு: 1080 போதும். போன்ல 1080 நிமிஷத்துக்குச் சுமார் 130 எம்பி, 4கே 350ஐத் தொடும், 8 ஜிபி லேப்டாப் படுத்துரும். செருப்பு, கண் மாதிரி நாலைஞ்சு குளோசப்பை மட்டும் 4கேல எடுத்துக்கோங்க. எடுத்ததை வாட்ஸப்ல வீடியோவா அனுப்பாதீங்க, சுருக்கிரும். கேபிள் போட்டு இறக்குங்க.

அந்த லேப்டாப்புல டாவின்சி ரிசால்வ் மாதிரி பெரிய எடிட்டர் மூச்சு வாங்கும். ஷாட்கட்ங்கிற எடிட்டரைப் போடுங்க, புராக்ஸியை (எடிட் பண்ண மட்டும் உதவுற சின்ன நகல்) ஆன் பண்ணுங்க. புது புராஜெக்ட் திறக்கும்போதே வீடியோ மோடை 1080, 25 பிரேம்னு வைங்க. ஆட்டோமேட்டிக்ல விட்டா முதல்ல போட்ட கிளிப்போட வேகத்தைப் பிடிச்சுக்கும். போன் வீடியோ பிரேம் வேகம் சீரா இருக்காது, அதனால ஒரு நிமிஷ வசனத்துல கடைசிக்கு வரும்போது வாய் முந்தும், குரல் பிந்தும். ஷாட்கட் ‘மாத்தவா’ன்னு கேட்டா சரின்னு சொல்லிருங்க.

தமிழ் டைட்டிலை எடிட்டருக்குள்ள தட்டாதீங்க. சில மென்பொருளுக்கு ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பை முன்னால கொண்டுவந்து வைக்கத் தெரியாது. இங்க்ஸ்கேப்ங்கிற வரைகலை மென்பொருள்ல 1920க்கு 1080 பக்கம் திறந்து, அரிமா, மீரா இனிமை, கேட்டமரான் இப்படி இலவச யூனிகோட் எழுத்துருவுல தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்து டைம்லைன்ல வைங்க. ‘டிரிப்பு’ல புள்ளியும் சுழியும் ஒட்டாம இருக்கான்னு பெருசாக்கிப் பாருங்க. தொடக்கத்துல சென்சார் சான்றிதழ் மாதிரி போலியா ஒன்னு செஞ்சு ஒட்டுற பழக்கம் இருக்கு. அது ஒரு அரசு ஆவணத்தைக் காப்பியடிக்கிறது, வேண்டாம். கல்லூரிப் பேரும் வருஷமும் போதும்.

எக்ஸ்போர்ட் எம்பி4, எச்.264, 16 எம்பிபிஎஸ், சுமார் 180 எம்பி வரும். லேப்டாப்ல பார்த்த அந்திக் காட்சி கல்லூரி புரொஜெக்டர்ல ஒரே கருப்பாத் தெரியும். அதனால ஒப்படைக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே பென்டிரைவ்ல கொண்டுபோய் அந்த ஹால்லயே ஓட்டி, ஜன்னலை எவ்வளவு மூட முடியுதுன்னு பார்த்துட்டு, இருட்டு ஷாட்டுகளை மட்டும் காமாவுல (நடு வெளிச்சத்தை ஏத்தி இறக்குற அளவு) கொஞ்சம் தூக்கித் திரும்ப எடுங்க. யூடியூப்புக்கு ஏத்துறது பழைய பிரதியாவே இருக்கட்டும்.