மோனோ மறுபதிப்பில் வலப்பக்கம் மட்டும் கரகரப்பு: தட்டைத் திருப்பிக் கொடுப்பதா?

கேள்வி

ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெயின்’ இசைத்தட்டின் மோனோ (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்) மறுபதிப்பு ஒன்றைப் பத்து நாள்களுக்கு முன் புதிதாக வாங்கினேன். முதல் பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள தலைப்பு உருப்படி குறையின்றி ஒலிக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் ‘மோமென்ட்ஸ் நோட்டிஸ்’ முடியும் தறுவாயிலும், மறுபக்கத்தின் கடைசியில் வரும் ‘லேசி பேர்ட்’ முழுவதிலும், லீ மோர்கனின் ட்ரம்பெட் மேலே ஏறும்போதெல்லாம் காகிதத்தைக் கிழிப்பது போன்ற கரகரப்பு எழுகிறது. அது வலது ஸ்பீக்கரில் மட்டுமே கேட்கிறது. இதைத் தவிர, தட்டைக் கழுவி உலர்த்திய பிறகும், இசை நடுவிலிருந்து கேட்க, சிறு வெடிப்பொலிகள் இரு பக்கமும் சிதறிக் கேட்கின்றன.

சென்ற மாதம்தான் புதிய ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜை (ஊசியின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் பகுதி) நானே பொருத்தினேன், ஊசியழுத்தம் 1.5 கிராம். மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார் கடைக்காரர். தட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள்களே உள்ளன. குறை தட்டிலா, என் அமைப்பிலா?

மறுமொழி 1

நீங்கள் வாங்கியது மோனோ தட்டாக இருப்பது உங்கள் நல்ல காலம். மோனோ பள்ளத்தில் இசை முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவாகவே பதிந்திருக்கும். ஆகவே பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒரே செய்தியைத்தான் சொல்ல வேண்டும். வலப்பக்கத்தில் ஒன்றும் இடப்பக்கத்தில் வேறொன்றும் கேட்டால், அந்த வேறுபாடு கோல்ட்ரேன் குழுவினர் வாசித்ததன்று. ஊசி படிக்கும் முறையிலோ, பள்ளத்தின் ஒரு சுவரிலோ, அதற்குப் பிந்திய கம்பிகளிலோ பிறந்தது.

முதலில் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளிலிருந்து வரும் இடது வலது இணைப்புகளை மாற்றிச் செருகிக் கேளுங்கள். கரகரப்பு இடது ஸ்பீக்கருக்கு நகர்ந்தால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நிரபராதிகள். அப்படித்தான் நகரும் என்பது என் எண்ணம். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் இயல்பாகவே தட்டின் மையத்தை நோக்கி இழுபடும். அந்த இழுப்பை எதிர்க்கும் ஆன்டி-ஸ்கேட் விசை போதாவிட்டால் ஊசி உட்சுவரில் சாய்ந்துகொண்டு வெளிச்சுவரை விட்டு விலகும். வெளிச்சுவர்தான் வலது சேனல், அதாவது வலது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி.

பக்கத்தின் இறுதியில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். 33⅓ சுழற்சியில் தட்டின் வெளி விளிம்பில் ஊசியின் அடியில் ஒரு நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது; உள் விளிம்புக்கு வரும்போது அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ட்ரம்பெட் ஒலியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருப்பதால், தொடக்கத்தில் ஒளிந்திருந்த சிறு பிழைகூட அங்கே வெளிப்பட்டுவிடும். கார்ட்ரிட்ஜுடன் வந்த தாளில் ஊசியழுத்தம் எவ்வளவு என்று பார்த்தீர்களா?

மறுமொழி 2

நான் உடன்படவில்லை. தட்டை அச்சிடும்போது வினைல் பள்ளத்தை முழுமையாக நிரப்பாமல் போனாலும் இதே கிழிபடும் ஓசை வரும்; அதுவும் பெரும்பாலும் ஒரு சேனலில்தான் வரும். நான்கு நாள் கெடுவைத் தவறவிடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

மறுமொழி 1

அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் அச்சுக் குறை ட்ரம்பெட்டுக்காகக் காத்திருக்காது. மெல்லிய இடத்திலும், சுற்றுக்கு ஒரு முறை அதே இடத்தில் கிழியும். இங்கே ஓசை உயரும்போது மட்டும், அதுவும் இரண்டு பக்கங்களின் இறுதியிலும் வருகிறது. வேறு இரண்டு தட்டுகளின் கடைசி உருப்படியைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேட்டவர்

இணைப்புகளை மாற்றினேன், கரகரப்பு இடப்பக்கம் வந்துவிட்டது. வேறு தட்டுகளின் இறுதியிலும் அது இருக்கிறது, இத்தனை நாள் நான்தான் கவனிக்கவில்லை. தாளைத் தேடி எடுத்தேன்: 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜின் அளவையே வைத்திருந்தேன். ஆன்டி-ஸ்கேட் திருகு சுழியத்தில் இருந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுமொழி 3

அழுத்தத்தை 2 கிராமுக்கும் ஆன்டி-ஸ்கேட்டை அதற்கு ஈடாகவும் வையுங்கள். குறைந்த அழுத்தம் தட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் பள்ளத்தில் படியாமல் துள்ளும் ஊசியே சுவரைச் சிதைக்கும். ஊசி முனை இரண்டு புள்ளிகளில் பள்ளத்துக்கு இணையாக நிற்கிறதா என்பதையும் அளவுத்தாள் வைத்துப் பாருங்கள்.

வெடிப்பொலிக்காகப் புதிய மோனோ கார்ட்ரிட்ஜ் வேண்டியதில்லை. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமான அசைவையும் படிக்கும். மோனோ தட்டில் அந்தத் திசையில் இசை இல்லை, தூசியும் கீறலும் மட்டுமே உண்டு. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அந்த அசைவின் ஒலி இரு சேனல்களிலும் எதிரெதிராக வருவதால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இந்த இசை பதிவான 1957 காலத்துத் தட்டுகள், முனையின் ஆரம் சுமார் 25 மைக்ரான் உள்ள ஊசியை எண்ணி வெட்டப்பட்டவை. இக்கால மறுபதிப்புகள் பெரும்பாலும் ஸ்டீரியோ வெட்டுக்கருவியிலேயே வெட்டப்படுவதால் உங்கள் ஊசியே பொருந்தும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்னே உள்ள இடது சேனலின் வெள்ளை, நீலக் கம்பிகளை இடம் மாற்றி, மோனோ பொத்தானை அழுத்தி இத்தட்டை ஓட்டுங்கள். இசை ஏறக்குறைய மறைய வேண்டும். எஞ்சுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஊசி நிமிர்ந்து நிற்கிறது என்று பொருள்.

கேட்டவர்

நேற்றிரவு எல்லாவற்றையும் செய்தேன். சாமணத்தால் அந்த மயிரிழைக் கம்பிகளைக் கழற்றுவதற்குள் கை நடுங்கிவிட்டது. முதல் ஓட்டத்தில் பக்கத்து வீட்டு வானொலி போல இசை மெலிதாக எஞ்சியது; கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லை ஒரு மயிரளவு திருப்பியதும் பால் சேம்பர்ஸின் பாஸ் முற்றிலும் மறைந்து, தூசியின் ஓசை மட்டும் மிஞ்சியது. கம்பிகளைப் பழையபடி மாட்டி ‘லேசி பேர்ட்’ கேட்டேன். கரகரப்பு போய்விட்டது, தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு ஐயம்: கென்னி ட்ரூவின் பியானோ மட்டும் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கிறது. அதற்கு எந்தத் திருகைத் திருப்புவது?

மறுமொழி 1

எதையும் தொடாதீர்கள். 1957 செப்டம்பர் 15 அன்று நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்த ரூடி வான் கெல்டர் பதிவு செய்த பியானோ அது. அவர் பதிவுகளில் பியானோ அப்படித்தான் இருக்கும்.